மலைநாட்டைப் பகலில் கடந்து போங்கள்

வியட்நாம் போகும் நம் குடும்பங்கள் பெரும்பாலும் கடலோரமாகவே போய்த் திரும்பிவிடுகின்றன. ஹா லாங் விரிகுடா, டா நாங், ஹோய் ஆன், ஹோ சி மின் நகரம் என்று பார்த்து முடிப்பதற்குள் விடுப்பு தீர்ந்துவிடுகிறது. கடற்கரைக்கு மேற்கே, கம்போடிய எல்லை வரை, ஒரு பெரிய மேட்டுநிலம் இருக்கிறது. வியட்நாமியர் அதைத் 'தாய் ங்குயென்' என்கிறார்கள். மேற்குப் பீடபூமி என்று பொருள். காப்பி, மிளகு, ரப்பர், தேயிலை எல்லாம் விளையும் செம்மண் பூமி. எடே, ஜராய், பானார், ம்னோங், கோஹோ ஆகிய பழங்குடிகளின் தாயகம். தெற்கே தாலாத், நடுவே புவோன் மா துவோத், வடக்கே ப்ளேக்குவும் கோன் தும்மும். இந்த நான்கு ஊர்களையும் இணைக்க ரயில் இல்லை. மூன்று ஊர்களில் விமான நிலையம் இருந்தாலும், ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு விமானம் பிடிக்க முடியாது. ஆகவே பேருந்துதான்.

இந்த அத்தியாயம் முழுவதும் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்றே. குழந்தைகளோடும் பெரியவர்களோடும் போகிறீர்கள் என்றால் இரவுப் பேருந்து வேண்டாம். பகலில் போங்கள். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வண்டியில் இருக்க வேண்டாம். வியட்நாமில் எல்லோரும் இரவு சிலீப்பரைத்தான் சிபாரிசு செய்வார்கள். ஒரு ராத்திரி அறை வாடகை மிச்சம், ஒரு பகல் மிச்சம் என்று கணக்குக் காட்டுவார்கள். நாங்களும் முதல் தடவை அந்தக் கணக்கைத்தான் நம்பினோம். நான், மனைவி, பதினொரு வயது மகள், ஆறு வயது மகன், அறுபத்தெட்டு வயது அம்மா. ஹோ சி மின் நகரத்தில் இரவு பத்து மணிக்கு ஏறினோம். விடியற்காலை நான்கு மணிக்குத் தாலாத் பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டார்கள். நல்ல குளிர். விடுதியில் அறை பிற்பகல் இரண்டு மணிக்குத்தான். மகன் என் தோளில் தூங்கினான். அம்மா கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒரு பெஞ்சில் உட்கார்ந்தபடி, "ராத்திரி முழுக்க மலை ஏறி வந்தோம், ஒரு மரத்தைக்கூடப் பாக்கலையேடா தம்பி" என்றார். அன்றைய பகல் முழுவதும் தூங்கியே கழிந்தது. மிச்சம் பிடித்ததாக நினைத்த பகல் அதுதான்.

அடுத்த தடவை பகலில் போனோம். கீழே சொல்வதெல்லாம் அந்த இரண்டாம் பயணத்தை வைத்துத்தான்.

எப்போது போவது

நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழை இல்லாத காலம். மே முதல் அக்டோபர் வரை மழை. மழைக்காலத்தில் அருவிகள் நிறைந்து ஓடும் என்பது உண்மைதான், ஆனால் மலைவழிச் சாலைகளில் மண் சரியும். 2023 ஜூலையில், தாலாத் போகும் வழியிலுள்ள பாவ் லோக் கணவாயில் சரிந்த மண், சாலையோரப் போக்குவரத்துக் காவல் நிலையத்தையே மூடி உயிர்களைப் பறித்தது. பள்ளிக் கோடை விடுமுறையை நம்பி இருப்பவர்களுக்கு ஏப்ரல் கடைசி வரை தோதுப்படும். அரையாண்டு விடுமுறை இன்னும் நல்லது. நவம்பர், டிசம்பரில் காப்பிப் பழம் சிவந்து அறுவடை நடக்கும். பிப்ரவரி, மார்ச்சில் காப்பி பூக்கும். அந்த வெள்ளைப் பூவின் மணம் பேருந்துக்குள்ளேயே வரும்.

ஒரே ஒரு வாரத்தைத் தவிர்த்தே ஆக வேண்டும். அது 'தேத்' என்னும் அவர்களுடைய புத்தாண்டு. ஜனவரி பிற்பகுதியிலோ பிப்ரவரியிலோ வரும். நாடே சொந்த ஊருக்குக் கிளம்பும். டிக்கெட் கிடைக்காது, கிடைத்தாலும் விலை கூடும், பல சாப்பாட்டுக் கடைகள் மூடியிருக்கும்.

விசாவை இணையத்திலேயே எடுக்கலாம். 2023 ஆகஸ்ட் முதல் 90 நாள் வரை தருகிறார்கள். கைக்குழந்தைக்கும் தனி விசா வேண்டும்.

ஊர்ப் பெயர்க் குழப்பம்

2025 ஜூலை 1 முதல் வியட்நாம் தன் 63 மாகாணங்களை 34 ஆகச் சுருக்கிவிட்டது. மலைநாட்டு மாகாணங்கள் பலவும் கடலோர மாகாணங்களோடு இணைக்கப்பட்டன. தாலாத் இருக்கும் லாம் டோங் மாகாணத்துக்குள் இப்போது முய் நே கடற்கரையும் வருகிறது. ஸா லாய் மாகாணத்தின் தலைநகர் ப்ளேக்கு இல்லை, கடலோரக் குயிஞோன். கோன் தும், குவாங் ங்காய் மாகாணத்துக்குள் போய்விட்டது. ஆகவே விடுதியோ பேருந்தோ தேடும்போது மாகாணப் பெயரைப் போடாதீர்கள், மலையில் அறை தேடினால் கடற்கரை விடுதி வந்து நிற்கும். ஊர்ப் பெயரை மட்டும் போடுங்கள். பேருந்தின் நெற்றியில் பழைய பெயர்கள்தாம் இன்னும் பெரும்பாலும் ஓடுகின்றன.

வியட்நாமிய மொழியில் தொனி மாறினால் சொல்லே மாறிவிடும். இந்த நூலில் தமிழ் எழுத்தில் நான் கொடுக்கும் உச்சரிப்பை வைத்து ஊர் கேட்டால் பாதிப் பேருக்குப் புரியாது. போக வேண்டிய ஊரின் பெயரை அவர்கள் எழுத்திலேயே கைபேசியில் சேமித்து, காட்டிக் கேளுங்கள். பேருந்து நிலையத்துக்குப் 'பென் ஸே' என்று பெயர், இது மட்டும் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

எந்த வண்டி, எந்த இடம்

மூன்று வகை வண்டிகள் ஓடுகின்றன. முதலாவது சிலீப்பர். மூன்று வரிசை, இரண்டு அடுக்கு, பாதி சாய்ந்த படுக்கைகள். காலை முன்படுக்கைக்கு அடியில் இருக்கும் பெட்டிக்குள் நீட்ட வேண்டும். ஐந்தே முக்கால் அடிக்கு மேல் உயரம் உள்ளவருக்கு முழங்கால் மடங்கியே இருக்கும். ஏறும்போது செருப்பைக் கழற்றச் சொல்லி ஒரு பிளாஸ்டிக் பை தருவார்கள், செருப்பை அதில் போட்டுக் கையோடு வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது, 'கேபின்' வண்டி. இருபது சொச்சம் பேருக்குத் திரை போட்ட தனித்தனி அறைகள். மூன்றாவது 'லிமோசின்' எனப்படும் ஒன்பது இருக்கை வேன். வேகமாகப் போகும், விடுதி வாசலுக்கே வரும், ஆனால் வளைவுகளில் ஆட்டம் அதிகம், பெட்டிகளுக்கு இடம் குறைவு.

பகலில் ஓடும் வண்டிகளும் பெரும்பாலும் சிலீப்பர்தாம். அதில் என்ன கெட்டுப்போகிறது? கீழ் அடுக்கில் சன்னலோரம் பிடித்தால் சாய்ந்தபடியே மலையைப் பார்க்கலாம். முன்பதிவில் வண்டியின் வரைபடம் காட்டுவார்கள். வண்டியின் நடுப்பகுதியில் கீழ் அடுக்கை எடுங்கள். மேல் அடுக்குக்கு ஏற இரண்டு சிறிய இரும்புப் படிதான் இருக்கும், பெரியவர்களுக்கு ஆகாது, வளைவில் ஆட்டமும் அங்கேதான் கூடுதல். சில வண்டிகளில் கடைசி வரிசையில் ஐந்து படுக்கைகள் ஒட்டினாற்போல் இருக்கும். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு அது கண்ணைப் பறிக்கும். எடுக்காதீர்கள். பின்சக்கரத்துக்கும் அப்பால் இருப்பதால் ஒவ்வொரு குழியிலும் உடம்பு தூக்கிப் போடும். கேபின் வண்டி தம்பதிக்கு நன்று. சிறு பிள்ளைகள் இருந்தால் திரைக்கு அந்தப் பக்கம் பிள்ளை என்ன செய்கிறது என்று தெரியாது.

படுக்கையில் சீட் பெல்ட் இருக்கும். உள்ளூர்க்காரர்கள் போட மாட்டார்கள், நீங்கள் போடுங்கள், பிள்ளைகளுக்கும் போட்டுவிடுங்கள். மெல்லிய போர்வை தருவார்கள், ஏசிக்கு அது போதாது. ஆளுக்கொரு சால்வை கைப்பையில் இருக்கட்டும்.

வண்டியில் பெரும்பாலும் கழிப்பறை கிடையாது. ஓட்டுநர் தொடர்ந்து 4 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்பது அங்கே சட்டம், நடைமுறையில் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துகிறார்கள். நிறுத்தம் என்றால் பெரிய கூடம், சாப்பாடு, பழக்கடை, வரிசையாகக் கழிப்பறை. இறங்கும் இடத்தில் கூடையில் பிளாஸ்டிக் செருப்புகள் வைத்திருப்பார்கள், அதைப் போட்டுக்கொண்டு போய்த் திரும்பும்போது கழற்றிவிடலாம். கழிப்பறையில் பீச்சுகுழாய் பெரும்பாலும் இருக்கிறது. நம்மவர்களுக்கு அது பெரிய நிம்மதி. இறங்கியதும் வண்டி எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நிறுவனத்தின் ஒரே நிற வண்டிகள் ஏழெட்டு அங்கே நிற்கும்.

டிக்கெட்டை நிறுவனத்தின் செயலியிலோ, பல நிறுவனங்களை ஒன்றாகக் காட்டும் 'வேக்ஸேரே' செயலியிலோ எடுக்கலாம். ஹோ சி மின் நகரத்திலிருந்து தாலாத்துக்கு ஏறத்தாழ 3 லட்சம் டாங். பயப்பட வேண்டாம், ஒரு ரூபாய்க்குச் சுமார் 300 டாங், எனவே ஆயிரம் ரூபாய்தான். பணத்தில் ஒரு எச்சரிக்கை: 20,000 டாங் தாளும் 5 லட்சம் டாங் தாளும் இரண்டுமே நீல நிறம். மங்கிய வெளிச்சத்தில் ஒன்றுக்கு மற்றொன்று போய்விடும். 5 லட்சம் தாள்களைத் தனிப் பையில் வையுங்கள்.

பெரிய நிறுவனங்கள் பேருந்து நிலையத்திலிருந்து விடுதிக்குச் சிறு வேனில் இலவசமாகக் கொண்டுபோய் விடுகின்றன. டிக்கெட்டைக் காட்டி விடுதி முகவரியைச் சொன்னால் போதும், பலர் இது தெரியாமல் டாக்சிக்குச் செலவழிக்கிறார்கள். சிறு வண்டிகளில் எதிர்மாறாகவும் நடக்கும். ஒரு தடவை எங்களை ஊருக்கு வெளியே புறவழிச்சாலையில் இறக்கிவிட்டு வண்டி போய்விட்டது. சுற்றிலும் ரப்பர் தோட்டம். ஒரு மணி நேரம் கழித்து டாக்சி கிடைத்தது. அதிலிருந்து, ஏறும் முன்பே 'பென் ஸேவுக்குள் போகுமா' என்று கைபேசியில் மொழிபெயர்த்துக் காட்டிக் கேட்டுவிட்டுத்தான் ஏறுவோம்.

குமட்டலுக்கு

இந்தப் பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் நிறைய. புறப்படும் முன்பே உங்கள் பிள்ளைகளின் மருத்துவரிடம் மாத்திரை அளவைக் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். வண்டி ஏற அரை மணி முன்னால் கொடுக்க வேண்டும், குமட்டல் வந்த பிறகு கொடுத்துப் பயனில்லை. காலையில் பால் வேண்டாம். வெறும் ரொட்டியோ சாதமோ அரை வயிற்றுக்கு. உள்ளூர்ப் பெண்கள் கமலாப்பழத் தோலைக் கிள்ளி மூக்கருகே வைத்துக்கொள்வார்கள். பக்கத்து இருக்கைப் பெண் ஒருவர் என் மகளுக்கும் ஒரு துண்டு கொடுத்தார், அன்றிலிருந்து எங்கள் பையில் இரண்டு கமலாப்பழம் எப்போதும் இருக்கும். கைபேசியில் விளையாட விடாதீர்கள், வாந்திக்கு முக்கியக் காரணம் அதுவே.

முதல் ஏற்றம்: பாவ் லோக்கில் ஓர் இரவு

ஹோ சி மின் நகரத்திலிருந்து தாலாத் 300 கிலோமீட்டர், ஏழெட்டு மணி நேரம். இதை இரண்டாக உடையுங்கள். கிளம்பும் நாளுக்கு முந்தைய மாலை, பென் தான் சந்தைக்கு அருகே சுவோங் டின் தெருவில் உள்ள மாரியம்மன் கோயிலுக்குப் போய் வரலாம். அங்கே குடியேறிய தமிழர்கள் கட்டியது. இன்று அங்கே கும்பிடுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் வியட்நாமியர். கல்சுவரில் நெற்றி வைத்து வேண்டிக்கொள்வார்கள். அம்மா அதைப் பார்த்துக்கொண்டே வெகு நேரம் நின்றார்.

நகரில் 'மியென் டோங்' என்ற பெயரில் பழைய நிலையம் ஒன்று, புதியது ஒன்று என இரண்டு உண்டு. புதியது நகருக்கு வெளியே வெகுதூரம். உங்கள் டிக்கெட் எதற்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள். காலை ஏழு, எட்டு மணி வண்டி நல்லது. 20ஆம் எண் நெடுஞ்சாலையில் லா ங்கா ஆற்றுப் பாலத்தில், தண்ணீர்மேல் மிதக்கும் மீன்வளர்ப்பு வீடுகள் தெரியும். அடுத்து டின் குவானில் மூன்று பெரும் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாலையோரமே நிற்கும். பிறகு இரண்டு கணவாய்கள். முதலாவது 'சுவோய்', அதாவது வாழைக் கணவாய். இரண்டாவதுதான் பாவ் லோக். சுமார் 10 கிலோமீட்டர் ஏற்றம், ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் பள்ளம். ஏறி முடித்ததும் காற்று மாறிவிடும்.

பாவ் லோக் தேயிலையும் பட்டும் விளையும் ஊர். சுற்றுலாக் கூட்டம் தாலாத்துக்கு ஓடிவிடுவதால் இங்கே அமைதி. தேயிலைச் சரிவுகளில் மாலை நடை, மறுநாள் காலை டாம் பிரி அருவி, மதிய வண்டியில் தாலாத். இப்படிப் பிரித்தால் முதல் நாள் ஐந்து மணி நேரம், இரண்டாம் நாள் மூன்று மணி நேரத்துக்குள்.

தாலாத்

கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டர். 1893இல் அலெக்சாந்தர் யெர்சின் என்ற மருத்துவர் இந்த லாங் பியாங் பீடபூமியைக் கண்டு சொன்னதன் பேரில் பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய கோடைவாசத்தலம். அடுத்த ஆண்டே ஹாங்காங்கில் பிளேக் கிருமியைக் கண்டுபிடித்தவரும் இவரே. பைன் மரங்களும் ஏரியும் பிரெஞ்சு வீடுகளும் உள்ள ஊரைப் பற்றி எல்லா நூல்களும் எழுதிவிட்டன, நான் குடும்பத்துக்கு வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

பழைய ரயில் நிலையத்திலிருந்து சாய் மாத் வரை 7 கிலோமீட்டர் ஒரு சிறு ரயில் ஓடுகிறது. ஒரு காலத்தில் இந்தத் தடம் பல்சக்கரப் பாதையாக மலை இறங்கிக் கடலோரச் சமவெளி வரை 84 கிலோமீட்டர் போனது. போர்க் காலத்தில் நின்றது, மீதி இந்தத் துண்டு. பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் ஒரே சமயத்தில் பிடிக்கும் இடம் தாலாத்தில் இதுதான். சாய் மாத்தில் லின் ஃபுவொக் பௌத்தக் கோயில் முழுவதும் உடைந்த பீங்கான், கண்ணாடித் துண்டுகளால் இழைத்தது. 'பைத்தியக்கார வீடு' என்று பெயர் பெற்ற டாங் வியெத் ங்கா அம்மையாரின் கட்டடத்தை மகள் மிகவும் விரும்பினாள். ஆனால் அதன் மேல்நடைபாதைகள் குறுகல், கைப்பிடிச் சுவர் உயரம் குறைவு. ஆறு வயதுப் பிள்ளையின் கையை விடவே கூடாது. முழங்கால் வலி உள்ளவர்கள் கீழே தோட்டத்தில் உட்காரலாம்.

இரவில் 15 பாகை வரை இறங்கும், டிசம்பரில் இன்னும் குறையும். இரவுச் சந்தைப் படிகளில் சூடான சோயாப் பால் விற்பார்கள், அதைக் கையில் பிடித்துக்கொண்டாலே குளிர் பாதி போகும். மூன்று இரவு தங்குங்கள்.

சைவச் சாப்பாடு

'சாய்' என்று எழுதிய பலகை உள்ள கடை சைவம். புத்த மதத்தார் சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும், நம் கணக்கில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, சைவம் சாப்பிடுவதால் எல்லா ஊரிலும் இந்தக் கடைகள் உண்டு. அந்த இரு நாளும் கூட்டம் நிறையும். மற்ற கடைகளில் காய்கறிப் பொரியல் கேட்டாலும் மீன் சாறு ஊற்றிவிடுவார்கள். அதன் பெயர் 'நுவொக் மாம்'. அது வேண்டாம் என்ற வாக்கியத்தை அவர்கள் மொழியில் எழுதி வைத்துக் காட்டுங்கள். கோபப்பட மாட்டார்கள், சோயாச் சாறு ஊற்றித் தருவார்கள். சைவக் கடைகளில் மீன், கோழி போலவே உருவம் செய்து வைத்திருப்பது எல்லாம் சோயாவும் மாவும்தான். அம்மாவுக்கு இதை நம்ப வைக்க இரண்டு நாள் பிடித்தது. பேருந்து நாளுக்கு மூங்கிலுக்குள் வெந்த சோறும், உப்பும் எள்ளும் வேர்க்கடலையும் இடித்த பொடியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பொடி நமக்கு உடனே பழகிவிடும்.

லாக் ஏரி வழியாக

தாலாத்திலிருந்து புவோன் மா துவோத் சுமார் 200 கிலோமீட்டர்தான், ஆனாலும் ஐந்தாறு மணி நேரம். 27ஆம் எண் சாலை குறுகல், ஃபூ சோன் கணவாயில் வளைவுகள் விடாமல் வரும். வண்டிகளும் சிறியவை, நாளுக்குச் சில மட்டுமே. முதல் நாளே இடம் சொல்லிவையுங்கள். புவோன் மா துவோத்துக்கு 50 கிலோமீட்டர் சொச்சம் முன்னால் லாக் ஏரி. அங்கே இறங்கி ஓர் இரவு தங்குவது என் விருப்பம். கரையிலுள்ள ஜுன் கிராமத்தில் ம்னோங் மக்கள் வசிக்கிறார்கள். ஒற்றை மரத்தைக் குடைந்த நீண்ட படகுகள், தூண்மேல் நிற்கும் நெடுவீடுகள். அந்த வீட்டுத் தரையில் மெத்தை விரித்து, கொசுவலை கட்டித் தருவார்கள். பிள்ளைகள் இதை ஆயுளுக்கும் மறக்க மாட்டார்கள். கழிப்பறை வெளியே இருக்கும், படி செங்குத்து. பெரியவர்களுக்கு ஏரிக்கரை விடுதியில் சாதாரண அறை எடுங்கள். மாலையானால் முழுக்கைச் சட்டை.

இங்கும் புவோன் டோன் என்னும் ஊரிலும் யானைச் சவாரி பெயர் பெற்றது. காட்டு யானையைப் பிடித்துப் பழக்குவது இந்த மக்களின் பழைய தொழில். இன்று யானைகள் மிகக் குறைந்துவிட்டன. யோக் டோன் தேசியப் பூங்காவில் 2018 முதல் சவாரியை நிறுத்தி, காட்டில் மேயும் யானைகளின் பின்னால் தூரத்தில் நடந்து பார்க்கும் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். அதைப் பாருங்கள். யாராவது சவாரிக்குக் கூப்பிட்டால் மறுத்துவிடுங்கள், யானை மேல் ஏற ஆசைப்படும் பிள்ளைக்கு ஏன் என்று சொல்லிப் புரியவையுங்கள்.

புவோன் மா துவோத்

உலகக் காப்பி உற்பத்தியில் பிரேசிலுக்கு அடுத்து வியட்நாம். அதில் பெரும்பகுதி ரோபஸ்டா, அதன் தலைநகரம் இந்த ஊர். 'ஃபின்' என்ற சிறு வடிகட்டியைக் கோப்பையின் தலையில் வைத்துத் தருவார்கள். நம் ஃபில்டரை ஒரு ஆளுக்கு என்று சுருக்கினால் அதுதான். டிகாக்ஷன் சொட்டுச் சொட்டாக இறங்கும் வரை காத்திருந்து, அடியில் உள்ள கெட்டிப் பாலோடு கலக்க வேண்டும். சிக்கரி இல்லாமலே நம் நாக்குக்கு நெருக்கமான கசப்பு. மரநாயின் வயிற்றில் போன காப்பி என்று விலையுயர்ந்த பொட்டலம் விற்பார்கள். பெரும்பாலும் கூண்டில் அடைத்த விலங்குகளிடமிருந்து வருவது. வாங்க வேண்டாம்.

2018இல் திறந்த உலகக் காப்பி அருங்காட்சியகத்தைப் பிள்ளைகள் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள். அதைவிட, ஊருக்குள்ளேயே இருக்கும் அகோ டோங் என்ற எடே குடியிருப்பில் நடந்து பாருங்கள். எடே மக்களிடம் குடிவழி தாய்வழி. பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டுப் போவார்கள், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து வாழ்வான். மகளுக்குக் கல்யாணம் ஆக ஆக வீட்டின் நீளத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். வாசல் ஏணிப்படியில் பிறைநிலாவும் இரண்டு மார்பகங்களும் செதுக்கியிருக்கும். வீடு பெண்ணுடையது என்பதன் அடையாளம். என் மகள் அந்தப் படியருகே நின்று கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லவே ஒரு மாலை போதவில்லை. இவை மக்கள் வாழும் வீடுகள். கேட்காமல் ஏறவோ படம் எடுக்கவோ வேண்டாம்.

எடேயும் ஜராயும் பேசுவது மலாய், சாம் மொழிகளின் உறவு. ம்னோங், பானார், கோஹோ மொழிகள் ஆஸ்திரோ-ஆசிய இனம். நம் நாட்டின் காசி, சந்தாலி மொழிகளும் அதே பெருங்குடும்பம்தான். பேருந்து போகப் போக மொழிக் குடும்பமே மாறுகிறது.

25 கிலோமீட்டர் தூரத்தில் ஸெரெபோக் ஆற்றில் ட்ராய் நூர் அருவி. டாக்சியை அரை நாளுக்குப் பேசிப் போகலாம். பாறை வழுக்கும், குளிக்க இறங்க வேண்டாம்.

ப்ளேக்கு, கோன் தும்

புவோன் மா துவோத்திலிருந்து ப்ளேக்குவுக்கு நான்கைந்து மணி நேரம். சாலை அகலமானது, வளைவு குறைவு. மாத்திரை தேவைப்படாத ஒரே நாள். வழியெங்கும் ரப்பரும், கம்பங்களில் படர்ந்த மிளகும். ப்ளேக்குவில் ஒரே ஒரு மாலை போதும் என்பது என் கருத்து. எரிமலை வாயில் நீர் நிறைந்த பியென் ஹோ ஏரியைப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம். நவம்பரில் போகிறவர்கள் மட்டும் சூ டாங் யா என்ற அவிந்த எரிமலைக்கு அரை நாள் ஒதுக்குங்கள். சரிவெல்லாம் மஞ்சள் காட்டுச் சூரியகாந்தி பூத்திருக்கும்.

இந்தப் பகுதி முழுவதும் கடும் போர் நடந்த பூமி. 1965இல் ப்ளேக்குவுக்குத் தென்மேற்கே யா ட்ராங் பள்ளத்தாக்கிலும், 1972இல் கோன் தும்மிலும் பெரும் சண்டைகள். 1975 மார்ச் 10 அன்று புவோன் மா துவோத் மீது தொடங்கிய தாக்குதல்தான் போரையே முடித்த கடைசிப் படையெடுப்பின் முதல் அடி. வெடிக்காத குண்டுகள் இன்னும் மண்ணில் உண்டு. நடந்து தேய்ந்த பாதையை விட்டுப் பிள்ளைகளைக் காட்டுக்குள் ஓட விடாதீர்கள், கிடக்கும் இரும்பு எதையும் தொட விடாதீர்கள்.

ப்ளேக்குவிலிருந்து கோன் தும் 50 கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். எங்கள் பயணத்தின் மிக நிறைவான இரண்டு நாள் இங்கேதான் கழிந்தது. டாக் ப்லா ஆறு கடலை நோக்கிக் கிழக்கே போகாமல் மேற்கே ஓடுகிறது. 1913இல் தொடங்கி 1918இல் முடித்த மரத் தேவாலயம் ஊரின் நடுவே. தூண், கூரை எல்லாம் கரிய மரம், சுவர் வைக்கோல் கலந்த மண். ஞாயிற்றுக்கிழமை பானார் மக்கள் தங்கள் நெசவு உடையில் வருவார்கள். அங்கிருந்து கோன் க்லோர் தொங்குபாலத்துக்கு நடந்தால், பாலத்தருகே 'ரோங்' என்னும் ஊர்ப் பொதுவீடு. கோடரி முனையை வானத்தில் நிறுத்தினாற்போன்ற கூரை. மகன் அண்ணாந்து பார்த்துவிட்டு, "பாட்டி, இந்த வீட்டுக்கு உடம்பைவிடத் தொப்பி பெரிசு" என்றான்.

இந்த மேட்டுநிலத்தின் கோங் மணி இசைப் பண்பாட்டை யுனெஸ்கோ 2005இல் அங்கீகரித்தது. சுற்றுலாவுக்காக வாசிப்பதும் உண்டு, விடுதியில் கேட்டால் ஊர் விழா ஏதும் இருக்கிறதா என்று சொல்வார்கள். அழைத்தால் போங்கள். அங்கே பெரிய சாடியிலிருந்து நீண்ட குழலில் அரிசி மது உறிஞ்சக் கொடுப்பது வழக்கம். குடிக்காதவர்கள் குழலை உதட்டில் தொட்டு மரியாதை செய்தால் போதும்.

இறங்கும் வழி

கோன் தும்மிலிருந்து டா நாங்குக்கு நேர்வண்டி உண்டு. சுமார் 300 கிலோமீட்டர், லோ ஸோ கணவாய் வழியாக. அழகான பாதை, ஆனால் ஏழு மணி நேரத்துக்குக் குறையாது, பெரும்பகுதி வளைவு. இளைஞர்கள் போகட்டும். குடும்பமாகப் போகிறவர்கள் ப்ளேக்குவுக்குத் திரும்பி, 19ஆம் எண் சாலையில் மாங் யாங், ஆன் கே கணவாய்கள் வழியாகக் குயிஞோன் கடற்கரைக்கு இறங்குங்கள். ப்ளேக்குவிலிருந்து நான்கு மணி நேரத்தை ஒட்டி ஆகும். ஊருக்குள்ளேயே சாம் மன்னர்கள் கட்டிய இரட்டைக் கோபுரங்கள் நிற்கின்றன. அங்கிருந்து 10 கிலோமீட்டர் தூரத்தில் தியூ சி ரயில் நிலையம், வடக்கே டா நாங்குக்கும் தெற்கே ஹோ சி மின் நகரத்துக்கும் தினமும் ரயில் உண்டு. பாவ் லோக் ஒன்று, தாலாத் மூன்று, லாக் ஒன்று, புவோன் மா துவோத் இரண்டு, ப்ளேக்கு ஒன்று, கோன் தும் இரண்டு, குயிஞோன் ஒன்று என மொத்தம் பதினோரு இரவு. உங்களிடம் எட்டு இரவுதான் இருக்கிறது என்றால் ஊரைக் குறையுங்கள், தாலாத்தோடும் புவோன் மா துவோத்தோடும் நிறுத்திக்கொள்ளுங்கள். மூன்று நாளை மிச்சம் பிடிப்பதற்காகப் பிள்ளைகளை இரவு வண்டியில் மட்டும் ஏற்றாதீர்கள்.